பையனுக்கு ஷார்ட்ஸ், பெண்ணுக்கு ஓவர்கோட்டா?

பள்ளி விளையாட்டு உடை பற்றிக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். எண்ணூரிலிருந்து பெரம்பூர் வரை வட சென்னையின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள் வந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலரும் எழுதியிருந்ததால், எல்லாருக்கும் ஊர் மட்டும். பதில் தருபவர்கள் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், பள்ளி அணிகளுக்கு ஜெர்சி தைக்கும் மாஸ்டர் ஒருவரும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கபடி டீமில் இருக்கிறாள். பையன்கள் டீமுக்கு ஷார்ட்ஸ், டி-ஷர்ட். பெண்கள் டீமுக்கு டிராக் பேன்ட், தொளதொள டி-ஷர்ட், அதற்கு மேல் யூனிஃபார்ம் ஓவர்கோட்டும் போட வேண்டுமாம். கேட்டால், "கபடி ரூல்ஸே அப்படித்தான்மா" என்கிறார்கள். உண்மையா சார்?
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

இல்லை அம்மா. கபடி விதிப்புத்தகம் ஆட்டக்காரருக்குச் சொல்லும் உடை டி-ஷர்ட், ஷார்ட்ஸ், உள்ளே டைட்ஸ் (காலை ஒட்டிய இழுவைத் துணி) அல்லது லங்கோடு. எண் முன்பக்கம் குறைந்தது 4 அங்குலம், முதுகில் 6 அங்குலம் இருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், நகை கூடாது, உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. ஓவர்கோட்டைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

உடையைப் பற்றி யார் "ரூல்ஸ்" என்று சொன்னாலும், எந்த ரூல்ஸ் என்று கேட்டுவிடுங்கள். விளையாட்டின் விதி என்று ஒன்று இருக்கிறது. போட்டி நடத்துபவர்கள் சுற்றறிக்கையில் போடும் நிபந்தனை இன்னொன்று. மூன்றாவது, பள்ளியில் யாரோ எப்போதோ வாயால் சொல்லி அப்படியே நடைமுறையாகிப் போனது. முதலிரண்டும் தாளில் இருக்கும், காட்டச் சொல்லலாம். மூன்றாவதைத் தாளில் காட்டச் சொன்னால்தான் அது விதி இல்லை என்பது வெளியே வரும். எங்களுக்கு வந்த கடிதங்களில் இருப்பவை பெரும்பாலும் மூன்றாவது வகை.

கபடியில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, பாயின்ட் பிரச்சினை. பாடிப் போகும் ரெய்டரின் உடம்பு பட்டால் மட்டும் 'டச்' இல்லை, உடுத்தியிருக்கும் துணி பட்டாலும் டச்தான். ஓவர்கோட்டின் ஓரம் காற்றில் பறந்தால், எதிராளி தொடுவதற்கு உங்கள் மகள் நாலு விரல் அகலம் இலவசமாகக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். பிடிக்கும்போது தொளதொள துணிக்குள் விரல் சிக்கினால் சுளுக்கு பிடிப்பவளுக்கு, கிழிசல் ரெய்டருக்கு. சுரிதார் பேன்ட்டின் நாடா ஆட்டத்தின் நடுவில் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஓவர்கோட் வேண்டும் என்று சொல்பவர்கள் எதைத் தவிர்க்க நினைத்தார்களோ, அதுதான் நடக்கும்.

உங்கள் மகளே டிராக் பேன்ட்தான் வசதி என்றால் தாராளமாகப் போடட்டும். ஆனால் கபடிக்கு ஏற்றதாக வாங்குங்கள். கீழே வரவரக் குறுகி, கணுக்காலில் ரிப் வைத்தது. நீளம் கணுக்கால் எலும்புக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டுப் பாக்கெட் வேண்டாம், விரல் மாட்டும். ஜிப் கூடவே கூடாது. தொடை உரசிப் புண்ணாகிறது என்று பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். கபடியில் அதற்குத் தடை இருப்பதால், உரசலுக்கு மருந்து உள்ளே போடும் டைட்ஸ்தான்.

லாங் ஜம்ப்பில் என் தூரம் பயிற்சியில் ஒன்று, போட்டியில் வேறு. போட்டி நாளில் மட்டும் பள்ளியில் லூஸ் பேன்ட்டும், ரிப்பன் வைத்த ரெட்டைப் பின்னலும் கட்டாயம். இதனால் தூரம் குறையுமா மேடம்?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

குறையும்மா. தூரம் அளப்பது எப்படி என்று பார். மணலில் உன் உடம்போ, உடம்போடு இருக்கும் எதுவுமோ பதித்த தடங்களில், குதிக்கும் கோட்டுக்கு எது மிக அருகில் இருக்கிறதோ அங்கிருந்துதான் டேப் பிடிப்பார்கள். கால் 4.60 மீட்டரில் ஊன்றியிருக்கலாம். பேன்ட்டின் பின்புறத் தொங்கல் 4.45-ல் மணலைத் தொட்டிருந்தால் உன் தூரம் 4.45. நீளப் பின்னல் பின்னால் விழுந்து மணலில் கோடு போட்டாலும் இதே கதை. பயிற்சியில் சொந்த ஷார்ட்ஸும் கொண்டையும் என்றால், வித்தியாசம் எங்கே போனது என்று நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

பின்னலை மடித்துக் கட்டு. அதற்கு ரிப்பன் போதாது, ரப்பர் பேண்டு போட்டு நெற்றியிலிருந்து ஒரு அகலப் பட்டை. கொண்டை ஊசி வேண்டாம், விழும்போது குத்தும். உடைக்குத் தொடையை ஒட்டிய டைட்ஸ். முழங்கால் வரை வேண்டுமா, கணுக்கால் வரை வேண்டுமா என்பது உன் விருப்பம். நீளத்துக்கும் வேகத்துக்கும் சண்டை கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமேன் தலையோடு மூடிய முழு உடை போட்டு 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2006 ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலைத்துணியும் முழு உடையுமாக ஓடி 200 மீட்டரில் ஜெயித்தார். இருவர் உடையும் உடம்பை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இடைஞ்சல் தருவது மூடுவது அல்ல, தொங்குவது.

ஹை ஜம்ப் ஆடும் தோழியிடமும் சொல்: லூஸ் துணி உரசிக் குச்சி விழுந்தாலும் ஃபவுல்தான். அவளுக்கு எண் அட்டை முன்னாலோ பின்னாலோ ஒன்று போதும், இரண்டும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் பி.டி. டிரஸ் வெள்ளை. பையன்களுக்கு வெள்ளை பேன்ட், பெண்களுக்கும் வெள்ளை பேன்ட். ஒரே ரூல்தானே, இதில் என்ன பாரபட்சம் என்று ஹெச்.எம். கேட்கிறார். எப்படிப் பதில் சொல்வது?
— ஒரு ஆசிரியை, திருவொற்றியூர்

தாளில் ஒரே ரூல்தான். மாதத்தில் நாலைந்து நாள் அது ஒரே ரூல் இல்லை. அந்த நாட்களில் வெள்ளை பேன்ட் போட்ட பிள்ளை பந்தைப் பார்த்து ஓட மாட்டாள், திரும்பித் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்ப்பாள், இல்லையேல் லீவு போடுவாள். வருகைப் பதிவேட்டில் பி.டி. நாளையும் மற்ற நாளையும் பக்கத்தில் வைத்து மூன்று மாதத்துக்கு எண்ணிப் பாருங்கள். ஹெச்.எம்.மிடம் பேச அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

பெரிய இடங்களிலேயே இதை மாற்றிவிட்டார்கள். வெள்ளையைத் தவிர வேறு நிறமே ஆகாது என்று பிடிவாதம் பிடிக்கும் விம்பிள்டன், 2023 முதல் பெண்கள் பாவாடைக்குள் அடர்நிற ஷார்ட்ஸ் போடலாம் என்று இறங்கி வந்தது. பாவாடையைவிட அது நீளமாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அதே ஆண்டு இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. அயர்லாந்து பெண்கள் ரக்பி அணியும் கருநீலத்துக்குப் போனது.

பள்ளியில் செய்ய எளிய வழி, மேல் சட்டையை வெள்ளையாகவே விட்டுவிட்டுக் கீழ் உடையை எல்லாருக்கும், பையன்களுக்கும் சேர்த்து, கருநீலமாக்குவது. பெண்களுக்கு மட்டும் மாற்றினால் அதுவே ஓர் அறிவிப்புப் பலகையாகிவிடும். அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் மாற்றுங்கள், நடு ஆண்டில் மாற்றினால் பெற்றோருக்கு இரட்டைச் செலவு. அதுவரை வெள்ளைக்குள் அடர்நிற சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட அனுமதியுங்கள். விங்ஸ் வைத்த நாப்கின் நகராமல் நிற்கவும் அந்த இறுக்கம் உதவும். பி.டி. அறை அலமாரியில் நாப்கின் பாக்கெட்டும், இரண்டு அளவில் கருநீல டிராக் பேன்ட்டும் வைத்து, சாவியை ஆசிரியையிடமோ மாணவித் தலைவியிடமோ கொடுங்கள். சாவி ஆண் ஆசிரியரிடம் இருந்தால் அலமாரி திறக்கப்படாமலே கிடக்கும்.

கறை பட்டால் பச்சைத் தண்ணீரில் உடனே அலசி, சோப்பு போட்டு ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தத்திலுள்ள புரதம் வெந்து துணியோடு ஒட்டிவிடும். லைக்ரா கலந்த துணிக்கு பிளீச்சிங் போட்டால் இழுவை போய்விடும்.

பெண்கள் அணிக்கு நிக்கர் தைத்துக் கொடுத்தால் ஒரே புகார். கவட்டையில் பிய்கிறது, உட்கார்ந்தால் பின்னால் இறங்குகிறது, தொடையில் பிடிக்கிறது. பையன்களுக்கு அதே கட்டிங்கில் ஒரு குறையும் வருவதில்லை. எங்கே தப்பு?
— ஒரு டெய்லர், பழைய வண்ணாரப்பேட்டை

"அதே கட்டிங்" என்று எழுதினீர்களே மாஸ்டர், தப்பு அங்கேதான். பையன்களின் பேட்டர்னில் இடுப்புக்கும் சீட்டுக்கும் (பின்புறச் சுற்றளவு) வித்தியாசம் குறைவு. வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு 7, 8 அங்குலம் சாதாரணம். பையன் அளவில் 'எல்' என்று வெட்டினால் இடுப்பு தொளதொள, சீட் இறுக்கம். அதனால் ஒரு சைஸ் பெரியது கொடுப்பீர்கள், அது முழங்காலைத் தாண்டித் தொங்கும். பிறகு பள்ளியில், "ஷார்ட்ஸ் பெண்களுக்குப் பாந்தமாக இல்லை, டிராக் பேன்ட்டே போடட்டும்" என்று முடிவெடுப்பார்கள். பேட்டர்னில் விட்ட பிழை ஒழுக்க விதியாக மாறுவது இப்படித்தான்.

அளவு எடுக்கும்போது நான்கு இடம் எடுங்கள்: இடுப்பு, சீட்டின் மிகப் பருத்த இடம், தொடை, இடுப்பிலிருந்து முழங்கால் நடு வரை நீளம். அளவைப் பெண் ஒருவர் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டேப்பைக் கொடுத்து, வீட்டில் அம்மா எடுத்து எழுதித் தரட்டும். சீட் அளவோடு இழுவையுள்ள நிட் துணிக்கு 3 அங்குலம், இழுவையில்லாத துணிக்கு 5 அங்குலம் தளர்வு கூட்டுங்கள். தொடைக்கு 3 அங்குலம். பின்பக்க ரைஸ் (கவட்டையிலிருந்து இடுப்பு வரை உயரம்) முன்பக்கத்தைவிட ஒன்றரை முதல் 2 அங்குலம் உயரமாக வேண்டும். பையன் பேட்டர்னில் இது போதாமல்தான் பின்னால் இறங்குகிறது. முழுதாகக் குந்த வைத்துப் பாருங்கள். பின் இடுப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் ரைஸைக் கூட்டுங்கள்.

கவட்டை பிய்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அங்கே 3 அங்குலச் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் இழுவை பரவிவிடும். இரண்டு, நிட் துணி இழுபடும், சாதாரண மெஷினின் நேர்த்தையல் நூல் இழுபடாது, அதனால் 'படக்'. நாலு நூல் ஓவர்லாக் போடுங்கள். அது இல்லாவிட்டால் குறுகிய ஜிக்ஜாக், துணியை லேசாக இழுத்துப் பிடித்து இரட்டைத் தையல். இடுப்புக்கு ஒன்றேகால் அங்குல எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டி, உள்ளே நாடாவும் விடுங்கள். பக்கவாட்டில் ஒன்றரை அங்குல ஸ்லிட் விட்டால் கால் அகலும்போது பிடிக்காது. உள்ளே டைட்ஸ் வைத்துத் தைத்த ஷார்ட்ஸ் என்றால் அம்மாக்களின் பாதிக் கவலை அங்கேயே தீரும்.

துணிக் கணக்கும் சொல்லிவிடுகிறோம். 12 பேர் அணிக்கு, 60 அங்குல அகலப் பாலியஸ்டர் நிட். டி-ஷர்ட்டுக்கு 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்): ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர் வரும். ஒருவருக்கு 80 சென்டிமீட்டர் என்றால் 9.6 மீட்டர், சேதாரத்தோடு இரண்டரைக் கிலோ வாங்குங்கள். ஷார்ட்ஸுக்கு 200 ஜி.எஸ்.எம்.: கிலோவுக்கு 3.3 மீட்டர், ஒருவருக்கு 55 சென்டிமீட்டர், இரண்டேகால் கிலோ. வாங்கும் முன் துணியை நனைத்து உள்ளங்கையில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் வேண்டாம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை வெளிச்சத்தில் அது தெரியாது, வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். சூட்டில் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் போடுவதாக இருந்தால் வெளிர்நிறப் பாலியஸ்டர் மட்டுமே. காட்டனில் அந்தச் சாயம் நிற்காது.

பையன்களுக்கு வருஷா வருஷம் புது ஜெர்சி. அவர்களின் பழசு எங்களுக்கு வருகிறது. "சைஸ் சரி பண்ணிப் போட்டுக்கோங்க" என்கிறார்கள். சரி பண்ண முடியுமா?
— வாலிபால் ஆடும் மாணவி, கொருக்குப்பேட்டை

முழுதாக முடியாது. தோள் இறங்கியிருக்கும், அக்குள் வெட்டு ஆழமாக இருப்பதால் ஸ்மாஷுக்குக் கை தூக்கினால் பக்கம் திறந்துகொள்ளும். பக்கத் தையலைப் பிடித்தால் அகலம் குறையும், அக்குள் ஆழம் குறையாது. தோளைப் பிரித்துப் பிடித்தால் எண் கழுத்தை நோக்கி ஏறும், பழைய பிரிண்ட் வெடிக்கும். வாலிபாலில் எண் மார்பில் குறைந்தது 15 சென்டிமீட்டர், முதுகில் 20 சென்டிமீட்டர் உயரம் இருந்தாக வேண்டும், அதனால் வெட்டிச் சுருக்கவும் வழியில்லை. வேண்டுமானால் அக்குளில் அதே நிறத்தில் ஒரு முக்கோணத் துண்டு வைத்து மூடலாம்.

தீர்வு தையலில் இல்லை. ஒரு வருஷம் பையன்களுக்கு, மறு வருஷம் பெண்களுக்கு என்று முறை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழசு எங்கே போகும் என்று கேட்டால், அந்தந்த அணியின் ஜூனியர்களுக்கு.

ராயபுரத்தில் என் மகள் கால்பந்து ஆடுகிறாள். தலைத்துணியோடும், கால் மறைத்தும்தான் ஆடுவேன் என்பது அவள் முடிவு. ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது?
— ஒரு தகப்பனார்

விதி உங்கள் பக்கம். ஃபிஃபா 2014-இல் தலைத்துணியை அனுமதித்துவிட்டது. கூடைப்பந்தில் 2017 அக்டோபரிலிருந்து அனுமதி. கால்பந்து விதிகளில் நான்காவது விதியைப் பிரிண்ட் எடுத்து மகளின் கிட் பையில் வையுங்கள். அது முக்கியமாகக் கேட்பது இவை: தலைத்துணி கறுப்பாகவோ சட்டையின் முக்கிய நிறத்திலோ இருக்க வேண்டும், சட்டையோடு இணைத்திருக்கக் கூடாது, நீட்டிக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது, யாருக்கும் ஆபத்து தரக் கூடாது. ஆகவே ஊக்கு, பின் எதுவும் வேண்டாம். இழுவையுள்ள மெல்லிய நிட்டில், தலைவழியாக மாட்டிக்கொள்ளும் தையல்தான் சரி. எதிராளி இழுத்தால் கழுத்தை இறுக்காமல் கழன்று வர வேண்டும். அதை வீட்டில் நீங்களே இழுத்துச் சோதியுங்கள்.

காலுக்கு ஷார்ட்ஸின் நிறத்திலேயே முழு டைட்ஸ். அணியில் யார் யார் டைட்ஸ் போட்டாலும் எல்லாரும் ஒரே நிறம் போட வேண்டும். ரெஃப்ரி திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த நிறக் குழப்பத்துக்காகத்தான். கோல்கீப்பர் என்றால் டிராக் பேன்ட்டே போடலாம். ஆட்டத்துக்கு அரை மணி முன்பே ரெஃப்ரியிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எனக்குச் சின்ன வயதில் கால் முழுக்கத் தீக்காயத் தழும்பு. கபடிக்கு முழு டைட்ஸ் கேட்டால் "பொம்பளப் புள்ளையாடா நீ" என்று சிரிக்கிறார் சார்.
— பத்தாம் வகுப்பு மாணவன், எண்ணூர்

தம்பி, டைட்ஸ் அந்த விளையாட்டின் உடையிலேயே இருக்கிறது. புரோ கபடியில் ஆண்கள் முழங்கால் பட்டையும் நீள டைட்ஸும் போட்டு ஆடுவதை அவரும் டி.வி.யில் பார்த்திருப்பார். தழும்புத் தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும், சறுக்கினால் சீக்கிரம் கிழியும். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஒரு சீட்டு வாங்கிக் கொடு. சிரிப்பு நிற்காவிட்டால் அப்பாவையோ அம்மாவையோ ஹெச்.எம்.மைப் பார்க்கச் சொல். உனக்கு ஷார்ட்ஸைக் கட்டாயமாக்குவதும், உன் அக்காவுக்கு டிராக் பேன்ட்டைக் கட்டாயமாக்குவதும் ஒரே கை எழுதிய ரூல்.

பெண்களின் மூக்குத்தி, கம்மலைக் கழற்றச் சொல்கிறார்கள். பையன்கள் கையில் கறுப்புக் கயிறும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லையே?
— ஒரு பாட்டி, மூலக்கொத்தளம்

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. கால்பந்து விதியில் நகை எல்லாமே தடை. தோல் பட்டை, ரப்பர் வளையம் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள்.  அதனால் கயிறும் கழல வேண்டும், மூக்குத்தியும் கழல வேண்டும். பேத்திக்குப் புதிதாகக் குத்துவதாக இருந்தால் ஆண்டு விடுமுறை தொடங்கும் நாளில் குத்துங்கள். காதின் கீழ்ச் சோணை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், மூக்கு இன்னும் தாமதம். ஆறாத துளையில் கழற்றினால் தூர்ந்துவிடும். போட்டி சீசன் நடுவில் குத்திவிட்டு பி.டி. மாஸ்டரோடு சண்டை போடாதீர்கள்.

கிரவுண்டில் உடை மாற்ற இடமே இல்லை. பையன்கள் மரத்தடியிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். அதனால்தான் சுரிதாரோடு ஆடச் சொல்கிறார்கள் போல.
— ஒரு மாணவி, புளியந்தோப்பு

காரணம் அதுவானால், மாற்ற வேண்டியது இடத்தைத்தான். போட்டி நடக்கும் பள்ளியில் ஒரு வகுப்பறையும் அதன் சாவியும் வேண்டும் என்று அணிப் பட்டியல் அனுப்பும்போதே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. கிடைக்காத நாளுக்கு: ஜெர்சியை உள்ளே போட்டு, மேலே டிராக் சூட். பேன்ட்டின் கீழே 10 அங்குல ஜிப் இருந்தால் ஷூ கழற்றாமலே உருவலாம். திரும்பும்போது ஈரத்தோடு பஸ் ஏற வேண்டாம் என்றால், இருக்கவே இருக்கிறது நைட்டி. தொளதொளவென்று ஒன்றைத் தலைவழியாக மாட்டிக்கொண்டால், அதற்குள்ளேயே முழு உடையும் மாற்றலாம். நம் வீடுகளில் கூடாரத்துக்குப் பஞ்சமில்லை.

வெளிநாட்டில் எல்லாம் பெண்களுக்கு முழுச் சுதந்திரம். நம் ஊரில்தான் இந்தக் கட்டுப்பெட்டித்தனம். சரிதானே?
— ஒரு கல்லூரி மாணவர், பெரம்பூர்

சரியில்லை. 2021 ஜூலையில் பல்கேரியாவின் வார்னாவில் நடந்த ஐரோப்பிய பீச் ஹேண்ட்பால் போட்டியில், நார்வே பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். குற்றம்: பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டது! பெண்களின் கீழ் உடை பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது என்று அப்போது விதி. ஆண்களுக்கோ முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேல் வரை ஷார்ட்ஸ். கூச்சல் கிளம்பிய பிறகு அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். பேட்மின்டனில் 2011-இல் பெண்களுக்குப் பாவாடை கட்டாயம் என்று கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு வந்து, 2012-இல் கைவிட்டார்கள். பெண்கள் குத்துச்சண்டைக்கும் பாவாடைப் பேச்சு எழுந்து, கடைசியில் ஷார்ட்ஸா பாவாடையா என்பதை ஆடுபவரே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். அங்கே குறை என்றார்கள், இங்கே கூட்டு என்கிறார்கள். இரண்டு ஊரிலும் உடையை முடிவு செய்தவர் அதைப் போட்டு ஆடாதவர்.

"பசங்க பாக்குறாங்க, அதுக்குத்தான்" என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?
— ஒரு தாய், எம்.கே.பி. நகர்

பார்ப்பதுதான் பிரச்சினை என்றால் ரூல் பார்ப்பவர்களுக்குப் போட வேண்டியது. பெண்கள் ஆட்டத்தின்போது கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டலாம். வெளியாள் செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்று மைக்கில் சொல்லி, இரண்டு ஆசிரியர்களை அங்கே நிறுத்தலாம். கயிறும் இரண்டு ஆட்களும்தான் செலவு.

பள்ளியில் பேசிப் பார்த்துவிட்டோம். வாய்ப்பேச்சு எடுபடவில்லை. எழுத்தில் யாருக்கு, என்னவென்று கொடுப்பது?
— பெற்றோர் சிலர், வியாசர்பாடி முல்லை நகர்

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கொண்டுவாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது அது உங்கள் குழு. குறை சொல்லும் கடிதமாக எழுதாதீர்கள், தீர்மானமாகவே எழுதிக் கொண்டு போங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"பள்ளி அணிகளில் ஆடும் மாணவர், மாணவியர் அனைவரும், அந்தந்த விளையாட்டின் விதி அனுமதிக்கும் ஷார்ட்ஸ், முக்கால் டைட்ஸ், முழு டைட்ஸ், டிராக் பேன்ட் ஆகியவற்றில் தமக்கு வசதியானதை அணியலாம். நிறம் அணியின் நிறமாக இருக்க வேண்டும். ஜெர்சிச் செலவு இரு அணிகளுக்கும் ஒரே அளவில் செய்யப்படும்."

இதில் 'பெண்கள்' என்று தனி வரி இல்லாததைக் கவனியுங்கள். தனி வரி போட்டால் அடுத்த வருஷம் வேறொருவர் அதில் மட்டும் கைவைப்பார்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மேலிடத்து உத்தரவு என்று மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வி: "மாணவியர் மட்டும் குறிப்பிட்ட உடையில் ஆட வேண்டும் என்று உத்தரவு இருந்தால், எண், தேதியோடு நகல் தரவும்." 30 நாளில் பதில் வர வேண்டும். கருத்துக் கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். கருத்துக்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. தனியார் பள்ளிக்கு மேலாண்மைக் குழு கட்டாயமில்லை என்பதால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தொடங்குங்கள். பிள்ளையை ஆட விடாமல் வெளியே நிறுத்தினாலோ, எல்லார் முன்னாலும் உடையைச் சொல்லி அவமானப்படுத்தினாலோ பள்ளிக்கல்வி உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098.

குறுவட்டப் போட்டிக்கு முன்னால் தீர்மானம் வந்துவிட வேண்டும் என்றால், பள்ளி திறந்த முதல் மாதமே நல்ல நேரம். ஜெர்சி ஆர்டர் போன பிறகு எந்தத் தீர்மானமும் துணியை மாற்றாது.

அணிவகுப்பில் பெண்களுக்குப் பாவாடை, பையன்களுக்கு பேன்ட். இதற்கும் ஏதாவது விதி உண்டா?
— ஒரு மாணவி, புது வண்ணாரப்பேட்டை

பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு, உங்கள் பள்ளி வைத்ததுதான் விதி. காலைத் தூக்கி நடக்க பேன்ட் சுலபம் என்று எழுதிக் கொடு. பாவாடைதான் என்று நின்றால், உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ், பாவாடை மடிப்பு முழங்காலுக்குக் கீழே பிரியும்படி தையல். கொடி பிடித்து முன்னால் நடப்பவள் நீயானால் ஓரத்தின் உள்பக்கம் நாலு சின்ன ஈயக்குண்டு வைத்துத் தைத்துவிடு. கடற்கரைக் காற்று பள்ளியின் விதியைப் பார்த்து அடிக்காது.